ஒரு மாதத்தைத் தொகுப்பது எப்படி? 1948 பிப்ரவரியை வைத்து ஒரு செய்முறை

பள்ளி ஆண்டு மலரில் ஒரு பக்கம் நிரப்ப வேண்டும். அல்லது தாத்தாவின் சதாபிஷேகத்துக்கு, அவர் பிறந்த மாதத்தில் உலகில் என்னென்ன நடந்தது என்று எட்டுப் பக்கத்தில் ஒரு சிறு மலர் போட வேண்டும். இப்படி ஏதோ ஒரு தேவைக்காகத்தான் பலரும் முதன்முதலில் இந்த வேலைக்கு வருகிறார்கள். ஓர் ஆண்டு, ஒரு மாதம், அதில் நடந்தவை, அதில் பிறந்தவர்கள். இணையத்தில் தேடினால் பத்து நிமிடத்தில் நாற்பது வரி கிடைத்துவிடும். அதை அப்படியே எடுத்து ஒட்டினால் படிப்பவர் மனதில் ஒரு வரிகூட நிற்காது. அதில் எந்தத் தேதி சரி, எது தவறு என்று உங்களுக்கும் தெரியாது.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் அறிவிப்புப் பலகைக்காக நான் பல வருடங்களாக இதைச் செய்து வருகிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்று ஓரளவு தெரியும். பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட ஒரு மாதத்தைக் கையில் எடுத்துச் செய்து காட்டுவது நல்லது. 1948 பிப்ரவரியை எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டரை ஆண்டு. பழைய பேரரசுகள் கலைகின்றன, புதிய நாடுகள் பிறக்கின்றன, பனிப்போர் கெட்டிப்படுகிறது. கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான மாதம் அதிகம் கிடைக்காது.

முதலில் நாட்காட்டியை வரையுங்கள்

செய்தி சேகரிப்பதற்கு முன்பே ஒரு தாளில் அந்த மாதத்தின் கட்டங்களைப் போட்டுவிடுங்கள். 1948 நெட்டாண்டு. பிப்ரவரிக்கு 29 நாள். ஞாயிற்றுக்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமையே முடிகிறது, ஆக ஐந்து ஞாயிறு. கிழமை எப்படித் தெரியும்? 28 ஆண்டுக்கு ஒருமுறை நாட்காட்டி அப்படியே திரும்பி வரும். 1948, 1976, 2004 மூன்றுக்கும் ஒரே நாட்காட்டிதான். கைப்பேசியில் 2004 பிப்ரவரியைத் திறந்து பார்த்தால் போதும். ஆனால் 1900 போல நெட்டாண்டாக இல்லாத நூற்றாண்டு முடிவு இடையில் வந்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும், அதை மட்டும் கவனியுங்கள்.

கிழமை எதற்கு என்று தோன்றலாம். தவறுகளைப் பிடிக்கும் முதல் வலை அதுதான். "புதன்கிழமை சுதந்திர விழா நடந்தது" என்று ஒரு நினைவுக் குறிப்பு சொல்லி, நீங்கள் எழுதிவைத்த தேதி வியாழனில் விழுந்தால், இரண்டில் ஒன்று தவறு என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

கட்டத்தின் ஓரத்தில் தமிழ் மாதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அது சர்வசித்து வருடம். பிப்ரவரி 12, 13 வாக்கில் தை முடிந்து மாசி பிறக்கிறது. பழைய தமிழ் இதழ்களிலும், அழைப்பிதழ்களிலும், குடும்பக் குறிப்பேடுகளிலும் தமிழ்த் தேதி மட்டுமே இருப்பது சகஜம். "சர்வசித்து வருஷம் மாசி மாதம்" என்று பார்த்ததும் எந்த ஆண்டு என்று உடனே புரிய வேண்டும்.

ஆணி அடித்த தேதிகள் நான்கைந்து

அடுத்து, சந்தேகத்துக்கே இடமில்லாத தேதிகளைக் கட்டத்தில் எழுதுங்கள். மற்ற செய்திகளை இவற்றைச் சுற்றித்தான் பின்னப் போகிறோம்.

பிப்ரவரி 1, ஞாயிறு: மலாயா கூட்டமைப்பு (இன்றைய மலேசியாவின் தீபகற்பப் பகுதி) நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரி 4, புதன்: இலங்கை விடுதலை. பிப்ரவரி 12, வியாழன்: காந்தியின் அஸ்தி அலகாபாத் திரிவேணி சங்கமத்தில் கரைக்கப்பட்டது. பிப்ரவரி 25, புதன்: செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்ட் கட்சியின் கைக்கு முழு ஆட்சியும் போனது. பிப்ரவரி 28, சனி: கடைசி பிரிட்டிஷ் படைப்பிரிவு இந்தியாவை விட்டுக் கப்பலேறியது.

இந்த ஐந்தும் கட்டத்தில் ஏறியதும் மாதத்துக்கு ஒரு முகம் வந்துவிடுகிறது. இன்னொன்றும் தெரிகிறது. இந்த மாதத்தின் மீது கவிந்திருக்கும் பெரிய நிகழ்ச்சி இந்த மாதத்தில் நடக்கவே இல்லை. காந்தி கொல்லப்பட்டது ஜனவரி 30, வெள்ளிக்கிழமை மாலை. அதன் பின்விளைவுகள்தான் பிப்ரவரி முழுக்க. பிப்ரவரி 4 அன்று ஆர்.எஸ்.எஸ். தடை செய்யப்பட்டது. பதின்மூன்றாம் நாள் அஸ்தி கரைப்பு. ஆகவே பட்டியலுக்கு மேலே இரண்டு வரி முன்னுரையாக ஜனவரி 30ஐச் சொல்லிவிடுவது நல்லது. மாத எல்லையைக் கறாராகப் பிடித்துக்கொண்டு காந்தியின் மரணத்தைச் சொல்லாமலே அஸ்தியைச் சொன்னால், படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது.

எங்கே தேடுவது, எப்படித் தேடுவது

சென்னையில் இருந்தால் கன்னிமாரா நூலகமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. வெளியூர்க்காரர்களுக்கு மின்னூலகங்கள் பெரிய உதவி. இலங்கை சார்ந்த அச்சுப் பிரதிகளுக்கு நூலகம் நிறுவனத்தின் மின்சேகரத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது போனவற்றில் பலவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது. அதனால் ஈழத்து இதழ் ஏதாவது கையில் கிடைத்தால் அதை அரிய பொருளாகவே நடத்துங்கள்.

தேடும்போது எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். நம் பக்கம் பிப்ரவரி, இலங்கையிலும் மலேசியாவிலும் பெப்ரவரி, பழைய அச்சில் பெப்ருவரி. இலங்கைப் பிரதமர் சேனநாயக்க, சேனநாயக்கா, சேனாநாயக்கா மூன்றும் ஒரே மனிதர்தான். ஒரு வடிவத்தை மட்டும் போட்டுத் தேடிவிட்டு "தமிழில் ஒன்றுமே இல்லை" என்று கைவிட்டவர்கள் எத்தனையோ பேர்.

நாளிதழைப் பார்க்கும்போது ஒரு விதியை மறக்காதீர்கள்: காலை இதழின் மேலே இருக்கும் தேதி, நிகழ்ச்சி நடந்த தேதி அல்ல. ஆரம்பத்தில் நான் இலங்கை விடுதலையைப் பிப்ரவரி 5 என்று பலகையில் எழுதிவிட்டேன். ஐந்தாம் தேதி இதழின் நகலைப் பார்த்து எழுதியது. மறுநாள் நூலகத்துக்கு வந்த ஒரு பெரியவர் வெகுநேரம் பலகை முன்னால் நின்றார். சின்ன வயதில் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். "தம்பி, அது புதன்கிழமை. எங்களுக்குக் கடை லீவு" என்றார். நாட்காட்டியை வரைந்த பிறகே செய்திக்குப் போகும் பழக்கம் எனக்கு அன்றைக்கு வந்தது.

எந்தத் தேதியைப் போடுவது?

இந்த வேலையில் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கையெழுத்தான நாள் ஒன்று, நடைமுறைக்கு வந்த நாள் வேறொன்று. மலாயா கூட்டமைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 1948 ஜனவரி 21. அமலுக்கு வந்தது பிப்ரவரி 1. இரண்டும் சரியான தேதிகள்தான், சொல்கிற விஷயம் வேறு. நான் மக்கள் வாழ்க்கையில் மாற்றம் தொடங்கிய நாளையே எடுத்துக்கொள்வேன், மற்றதை வாக்கியத்துக்குள் வைத்துவிடுவேன். இலங்கைக்கும் இதே கதை. விடுதலை பிப்ரவரி 4. அரசர் ஆறாம் ஜார்ஜின் தம்பி குளோஸ்டர் கோமகன் கொழும்பில் நாடாளுமன்றத்தைத் தொடங்கிவைத்த விழா பிப்ரவரி 10. பழைய படங்களில் நாம் பார்க்கும் பெரிய விழாக்காட்சிகளில் சில பத்தாம் தேதியினுடையவை. படத்தைப் போடும்போது அடிக்குறிப்பில் தேதி பிசகிவிடக் கூடாது.

பல நாள் நீண்ட நிகழ்ச்சிகள் அடுத்து. செக்கோஸ்லோவாக்கியாவில் பிப்ரவரி 20 அன்று கம்யூனிஸ்ட் அல்லாத பன்னிரண்டு அமைச்சர்கள் பதவி விலகினார்கள். புதிய தேர்தல் வரும் என்று கணக்குப் போட்டார்கள். மறுநாள் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரான பிரதமர் கோட்வால்ட் பிராகின் பழைய நகரச் சதுக்கத்தில் கூட்டத்தைத் திரட்டிப் பேசினார். 25ஆம் தேதி குடியரசுத் தலைவர் பெனெஷ் விட்டுக்கொடுத்து, கோட்வால்டின் புதிய அமைச்சரவையை ஏற்றார். எந்தத் தேதியில் எழுதுவது? முடிவு தெரிந்த நாளில் எழுதுங்கள், தொடங்கிய நாளை உள்ளே சொல்லுங்கள். வெளியுறவு அமைச்சர் யான் மசாரிக் தன் அமைச்சகக் கட்டடத்தின் ஜன்னலுக்குக் கீழே இறந்துகிடந்தது மார்ச் 10. அது அடுத்த மாதத்துப் பக்கம். இழுத்துக்கொண்டு வர ஆசையாக இருக்கும், விட்டுவிடுங்கள்.

செயின்ட் மோரிட்ஸ் குளிர்கால ஒலிம்பிக் ஜனவரி 30இல் தொடங்கிப் பிப்ரவரி 8இல் முடிந்தது. போருக்குப் பிறகு நடந்த முதல் ஒலிம்பிக் இதுதான். ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் அழைப்பு இல்லை. காந்தி சுடப்பட்ட அதே நாளில் சுவிட்சர்லாந்தின் பனிமலையில் போட்டிகள் தொடங்கின என்பது மனதை என்னவோ செய்கிறது. ஆனாலும் இதை 8ஆம் தேதியில் "நிறைவடைந்தது" என்றுதான் எழுத வேண்டும்.

"தொடங்கப்பட்டது" என்ற சொல்லைக் கண்டாலே இன்னொரு முறை சரிபாருங்கள். அமெரிக்க கார் பந்தய அமைப்பான நாஸ்கார் முறைப்படி பதிவானது பிப்ரவரி 21. அதன் பெயரில் முதல் பந்தயம் டேடோனா கடற்கரையில் நடந்து, ரெட் பைரன் ஜெயித்தது பிப்ரவரி 15. பதிவுக்கு ஆறு நாள் முன்னாலேயே பந்தயம் ஓடிவிட்டது! வட கொரியாவில் இன்னும் வேடிக்கை: மக்கள் ராணுவம் பிப்ரவரி 8இல் அமைக்கப்பட்டது, நாடு அறிவிக்கப்பட்டதோ செப்டம்பர் 9இல்.

நேர வித்தியாசத்துக்கு ஒரே விதி: நடந்த ஊரின் தேதி. பிப்ரவரி 16 அன்று ஜெரார்ட் கைப்பர் டெக்சாஸிலுள்ள மெக்டொனால்டு ஆய்வகத்தில் யுரேனஸின் மிராண்டா என்னும் துணைக்கோளைக் கண்டுபிடித்தார். அங்கே பதினாறாம் தேதி இரவு என்றால் நமக்குப் பதினேழு விடிந்திருக்கும். அதற்காகத் தேதியை மாற்ற வேண்டியதில்லை.

பழைய ரஷ்ய நாட்காட்டி இன்னொரு பொறி. திரைப்பட மேதை செர்கெய் ஐசென்ஸ்டைன் மாஸ்கோவில் இறந்தது 1948 பிப்ரவரி 11. வயது 50. பிறந்தது 1898 ஜனவரி 22. ஆனால் அன்று அவர் பிறந்த ரீகா நகரில் சுவரில் தொங்கிய நாட்காட்டி ஜனவரி 10 என்று காட்டியிருக்கும். 1918க்கு முன் ரஷ்யப் பேரரசில் பிறந்த யாரை எழுதினாலும் இரண்டு தேதியில் எது என்று பாருங்கள்.

ஊர்ப் பெயரும் எல்லையும்

அன்றைய ஊர், அன்றைய நாடு. இன்றைய பெயரை "இன்றைய" என்ற சொல்லோடு பக்கத்தில் வைக்கலாம். காந்தியின் அஸ்தியில் ஒரு பங்கு கன்னியாகுமரிக்கும் வந்தது. மக்கள் அஞ்சலிக்காகக் கலசத்தை வைத்த இடத்தில்தான் பின்னாளில் காந்தி மண்டபம் எழுந்தது. அக்டோபர் 2 அன்று நண்பகலில் அந்த இடத்தில் வெயில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். இதை எழுதும்போது "தமிழ்நாட்டின் கன்னியாகுமரியில்" என்று கை தானாகப் போகும். 1948இல் கன்னியாகுமரி திருவிதாங்கூரில் இருந்தது. நம்மோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1இல்.

ஜூனாகத்தும் அப்படித்தான். அந்தச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்வதா பாகிஸ்தானோடு சேர்வதா என்று பிப்ரவரி 20 அன்று அங்கே பொதுவாக்கெடுப்பு நடந்தது. 1,90,870 பேர் வாக்களித்ததில் பாகிஸ்தானுக்கு விழுந்தவை வெறும் 91. "குஜராத்தில்" என்று எழுதினால் தவறு, அப்போது குஜராத் என்றொரு மாநிலமே கிடையாது.

பிறந்தவர்கள்

பிறப்புப் பட்டியல் ஒரு விசித்திரமான பொருள். நிகழ்ச்சிகள் அன்றே செய்தியாகிவிடும். பிறப்போ, முப்பது நாற்பது வருடம் கழித்துத்தான் செய்தி ஆகும். 1948 பிப்ரவரி 24, செவ்வாய்க்கிழமை, மைசூர் சமஸ்தானத்து மேல்கோட்டையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது எந்த இதழிலும் வந்திருக்க வாய்ப்பில்லை. ஜெ. ஜெயலலிதா. 1991 ஜூன் 24இல் முதன்முறையாகத் தமிழ்நாட்டு முதல்வரானார். 2016 டிசம்பர் 5 அன்று இறந்தபோது வயது 68. அதனால் பிறப்புகளுக்கு நாளிதழைத் தேடாதீர்கள். வாழ்க்கை வரலாறுகளையும், அவர்களே தந்த அதிகாரபூர்வக் குறிப்புகளையும் பாருங்கள். ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு இடத்தில் ஒரே தேதி இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் பெரியவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் பலருக்குச் சான்றிதழில் இருக்கிறது. ஐந்து வயது நிரம்பியதாகக் காட்ட ஜூன் மாதத்துக்கு முன்னால் எங்கேயோ ஒரு நாள். சொந்தத் தாத்தாவுக்கு மலர் போடுகிறீர்கள் என்றால் ஜாதகத்தைக் கேளுங்கள். தமிழ் வருடம், மாதம், நட்சத்திரம் மூன்றும் இருந்தால் பஞ்சாங்கத்தை வைத்து உண்மையான தேதிக்கு வந்துவிடலாம். சான்றிதழ் தேதி ஒன்று, பிறந்த தேதி ஒன்று என்று இரண்டும் இருந்தால் இரண்டையும் அச்சிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

யாரைச் சேர்ப்பது? இணையப் பட்டியல்களில் ஹாலிவுட்டும் ராக் இசையும்தான் முக்கால்வாசி. அவர்களை ஒதுக்கச் சொல்லவில்லை. ராக் பாடகர் ஆலிஸ் கூப்பர் பிறந்தது டெட்ராய்டில், இலங்கை விடுதலையான அதே பிப்ரவரி 4. பிளாக் சபாத் ராக் குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி பர்மிங்காமில் 19ஆம் தேதி. ஆனால் வெறும் புகழை வைத்துத் தேர்ந்தெடுக்காமல், அந்தக் காலத்தோடு ஒட்டியிருக்கும் பிறப்புகளைத் தேடுங்கள். பிப்ரவரி 15 அன்று ஸ்டாக்ஹோமில் பிறந்த ஆர்ட் ஸ்பீகல்மேனின் பெற்றோர் போலந்து யூதர்கள், நாஜிகளின் வதைமுகாம்களில் இருந்து உயிர் தப்பியவர்கள். பின்னாளில் அவர் அந்தக் கதையையே சித்திரமாக வரைந்து உலகைப் படிக்க வைத்தார். போலந்துப் பெற்றோருக்கு ஏன் ஸ்வீடனில் பிள்ளை பிறந்தது? அந்த ஒரு கேள்வியில் போருக்குப் பிந்தைய ஐரோப்பா முழுதும் இருக்கிறது. இப்படி ஒரு வரி கிடைத்தால் பத்து நட்சத்திரப் பெயர்களை விட்டுவிடலாம்.

25ஆம் தேதி பிறந்த நடிகர் டேனி டென்சோங்பா சிக்கிமைச் சேர்ந்தவர். சிக்கிம் அப்போது தனி அரசு, இந்தியாவின் மாநிலமானது 1975இல். 28ஆம் தேதி செயின்ட் லூயிஸில் பிறந்த ஸ்டீவன் சூ, 1997இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், சீனக் குடியேறிகளின் மகன். கணினி ஆய்வாளர் ரே கர்ஸ்வைல் 12ஆம் தேதி, நியூயார்க். இந்த அளவு போதும்.

29ஆம் தேதியை மறக்க வேண்டாம். பிரிட்டிஷ் இலக்கிய ஆய்வாளர் ஹெர்மியோன் லீ அன்று பிறந்தவர். ஏற்கெனவே பிறந்திருந்தவர்களுக்கும் அது அரிய நாள்: 1904 பிப்ரவரி 29இல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேலுக்கு 1948இல் வந்தது பதினோராவது உண்மையான பிறந்தநாள். பிள்ளைகளுக்குக் கணக்குப் போடச் சொல்லிப் பாருங்கள், ஆர்வமாகச் செய்வார்கள்.

ஒரே நாளை உலகம் முழுக்கப் பாருங்கள்

இனி என் மனதுக்கு மிகவும் நெருக்கமான படி. கட்டங்கள் நிரம்பிய பிறகு, பக்கத்தைக் குறுக்கே படிக்க வேண்டும். ஒரே தேதிக்குள் எத்தனை ஊர்கள் வந்திருக்கின்றன என்று பாருங்கள். தனித்தனி நாட்டு வரலாற்றுப் புத்தகங்கள் இதைச் சொல்லாது. மாதத் தொகுப்பால் மட்டுமே முடிகிற காரியம் இது.

1948 பிப்ரவரி 28, சனிக்கிழமை. பம்பாயில் சாமர்செட் லைட் இன்ஃபன்ட்ரியின் முதலாம் பட்டாளம் இந்திய வாயில் (கேட்வே ஆஃப் இந்தியா) வளைவின் கீழ் அணிவகுத்துச் சென்று கப்பலேறியது. ஆகஸ்ட் 15க்குப் பிறகும் இங்கே தங்கியிருந்த பிரிட்டிஷ் படைகளில் கடைசிப் பிரிவு. அதே நாள் டெல்லியில், கோயம்புத்தூர்க்காரரான நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1948-49ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தை வைத்தார். அதே நாள் கல்கத்தாவில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் இரண்டாவது மாநாடு தொடங்கியது.

அதே நாள், மேற்கு ஆப்பிரிக்காவில், அப்போது கோல்டு கோஸ்ட் என்று அழைக்கப்பட்ட பிரிட்டிஷ் காலனியின் தலைநகர் ஆக்ராவில், முன்னாள் படைவீரர்கள் ஆளுநர் இருந்த கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டையை நோக்கி மனுவோடு நடந்தார்கள். பிரிட்டனுக்காகப் போரிட்டவர்கள், அவர்களில் பலர் பர்மாக் காடுகளில். கேட்டது ஓய்வூதியமும் வாக்களித்த சலுகைகளும். போலீஸ் அதிகாரி சுட்டதில் மூன்று பேர் விழுந்தார்கள்: அட்ஜெட்டே, அட்டிபோ, ஓடார்ட்டே லாம்ப்டி. ஊர் பற்றி எரிந்தது. அடுத்த மாதம் குவாமே என்குருமாவையும் இன்னும் ஐந்து தலைவர்களையும் கைது செய்தார்கள். ஒன்பது ஆண்டு கழித்து 1957 மார்ச் 6இல் அந்த நாடு கானாவாக விடுதலை பெற்றது.

ஒரு துறைமுகத்தில் பேரரசின் படை பாண்டு வாத்தியத்தோடு விடைபெறுகிறது. இன்னொரு துறைமுக நகரில் அதே பேரரசு தனக்காகப் போரிட்டவர்களையே சுடுகிறது. இரண்டும் ஒரே சனிக்கிழமை. இதை முதன்முதலில் என் கட்டத்தில் பார்த்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரே நாளில் நடந்ததால் ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று எழுதிவிடக் கூடாது. ஆக்ராவில் நடந்தவர்களுக்குப் பம்பாய்க் கப்பலைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், "ஆகவே" என்று எழுதாதீர்கள்.

21ஆம் தேதியும் இப்படி ஒரு நாள்தான். அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு அரசியலமைப்புச் சட்டத்தின் வரைவை அரசியல் நிர்ணய சபைத் தலைவரிடம் ஒப்படைத்தது. அதில் 315 பிரிவுகள், 8 அட்டவணைகள். அதே சனிக்கிழமையில்தான் பிராக் சதுக்கத்தில் கோட்வால்டின் பேச்சு. ஒரு நாடு சட்டம் எழுதிக்கொண்டிருந்தபோது இன்னொரு நாட்டில் சட்டத்தின் பிடி நழுவிக்கொண்டிருந்தது.

வரியை எழுதுவது

பதிவு ஒவ்வொன்றும் மூன்று வாக்கியத்துக்குள் இருக்கட்டும். "பிப்ரவரி 4: இலங்கை சுதந்திரம் பெற்றது" என்று மட்டும் எழுதினால் போதாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

பிப்ரவரி 4, புதன். இலங்கை பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுபட்டு டொமினியன் தகுதியுள்ள (பிரிட்டிஷ் அரசரைத் தலைவராக ஏற்ற தன்னாட்சி) நாடானது. பிரதமர் டி.எஸ். சேனநாயக்க. அந்த ஆண்டே நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம் சுமார் 7 லட்சம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது.

மூன்றாவது வாக்கியம் மாதத்துக்கு வெளியே போகிறது. தெரிந்தேதான் சேர்த்தேன். தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு அந்த விடுதலை என்னவாக முடிந்தது என்று சொல்லாமல் தமிழில் இந்தப் பதிவை எழுத என்னால் முடியாது. விளைவைச் சொல்ல ஒரு வாக்கியம்வரை அனுமதி உண்டு. அதற்கு மேல் போனால் கட்டுரையாகிவிடும்.

விளையாட்டுக்கும் இதே முறைதான். பிப்ரவரி 6 முதல் 10 வரை மெல்போர்னில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நடந்த ஐந்தாவது டெஸ்டில் லாலா அமர்நாத்தின் இந்திய அணி இன்னிங்ஸ் தோல்வி கண்டது. ஆஸ்திரேலியாவின் பத்தொன்பது வயது நீல் ஹார்வி 153 ரன் எடுத்தார். சொந்த மண்ணில் பிராட்மேன் ஆடிய கடைசி டெஸ்ட் அது. சுதந்திர இந்தியாவின் முதல் வெளிநாட்டுத் தொடர் 4-0 என்று முடிந்தது. முழு ஸ்கோர் அட்டை தேவையில்லை.

"புகழ்பெற்ற", "மாபெரும்" போன்ற அடைமொழிகளை எடுத்துவிடுங்கள். ஆள் யார் என்று ஒரு வேலைப்பெயர் சொன்னால் போதும். இறந்தவர்களுக்குத் தனிப் பகுதி வையுங்கள். இந்த மாதத்துக்கு ஐசென்ஸ்டைன், பிப்ரவரி 15 அன்று மறைந்த இந்திக் கவிஞர் சுபத்ரா குமாரி சௌஹான் என்று இரண்டு பெயரே போதும்.

ஒரு பலகைக்குப் பன்னிரண்டு நிகழ்ச்சி, ஆறு பிறப்பு என்பது என் அளவு. மலர் என்றால் இரட்டிப்பாக்கலாம். எழுதி முடித்ததும், நீங்கள் எழுதிய தேதிகளை மட்டும் மறைத்துவிட்டு வேறொருவரிடம் கொடுத்து, அவரைத் தனியாகத் தேடி நிரப்பச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களை மட்டும் திரும்பப் பாருங்கள். அரை நாள் வேலை, கட்டாயம் செய்யுங்கள்.

கடைசியாக, ஆளைப் போய்ப் பாருங்கள்

1948இல் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எண்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். உங்கள் தெருவில் ஓரிருவராவது இருப்பார்கள். குடும்ப மலரோ ஊர்ப் பலகையோ, அவர்கள் சொல்வதற்கு ஒரு மூலை ஒதுக்குங்கள்.

"1948 பிப்ரவரியில் என்ன நடந்தது பாட்டி?" என்று கேட்டால் பதில் வராது. "காந்தி செத்துப்போன சேதி உங்க ஊருக்கு எப்படி வந்துச்சு?" என்று கேளுங்கள். யார் வீட்டில் ரேடியோ இருந்தது, அன்றைக்கு அடுப்பு எரிந்ததா, பள்ளிக்கூடம் எத்தனை நாள் மூடியிருந்தது, அஸ்தி கரைக்கும் அன்று ஆற்றுக்கோ கடலுக்கோ போய்க் குளித்தார்களா. கொழும்புக்கோ பினாங்குக்கோ போன உறவினர் யாராவது இருந்தார்களா, அவர்களிடமிருந்து கடிதம் நின்றுபோனது எப்போது என்றும் கேளுங்கள்.

கைப்பேசியில் பதிவு செய்ய முதலில் அனுமதி வாங்குங்கள். அவர் சொன்ன தேதி உங்கள் கட்டத்தோடு ஒத்துப்போகாவிட்டால் குறுக்கிட வேண்டாம். பட்டியலில் சரியான தேதி இருக்கட்டும், அவர் பேச்சு அவர் சொன்னபடியே தனிக் கட்டத்தில் இருக்கட்டும். காலையில் போங்கள், சாப்பாட்டுக்கு முன்னால். மதியத்துக்கு மேல் அவர்களுக்குக் களைப்பு வந்துவிடும்.